ஆஸ்டின் ஏ40 சாமர்செட்: ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹாரன் பட்டனை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

கோபி_சாமர்செட் | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். அப்புச்சி வாங்கிய 1953 ஆஸ்டின் ஏ40 சாமர்செட், எங்கள் களத்துக் கொட்டகையில் இருபத்தாறு வருடமாக நின்றுகொண்டிருந்தது. போன தை மாதம் டிராக்டர் கட்டி வெளியே இழுத்தோம். எஞ்சின் கையால் சுற்ற வருகிறது. பிரேக் வேலை தனியாக நடக்கிறது. இப்போது டேஷ்போர்டைக் கழற்றி வர்ணம் அடிக்க வேண்டும், அதற்கு முதலில் ஸ்டியரிங் வீல் வெளியே வர வேண்டும். அங்கேதான் நிற்கிறேன்.

வீலின் நடுவில் ஹாரன் பட்டன். அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், வளையத்தின் உச்சியில் கைகாட்டிக்கான சின்ன நெம்பு. (இண்டிகேட்டர் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலிருந்து ரயில் கைகாட்டி மாதிரி எழும் அந்தக் காலத்துச் சமாச்சாரம்.) பட்டனுக்கும் வளையத்துக்கும் நடுவே நகம் நுழையக்கூட இடமில்லை. வளையத்தில் ஏற்கெனவே ஒரு முடிக்கீறல் இருக்கிறது. வீலின் விளிம்பிலும், ஸ்போக் வந்து சேரும் இடங்களில் நான்கைந்து வெடிப்பு.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஒரு நெம்பு நெம்புனா வந்துருங்க" என்றார். அவர் கை டூல் பாக்ஸுக்குப் போனதும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் செய்தது சரியா?

அம்பி_மார்க்2 | சனி, இரவு 9.40

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த மாதிரிப் பட்டன் எல்லாம் பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணி சுற்றி நெம்புங்கள். வரவில்லை என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து இடுக்கில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். துருப்பிடித்த எந்த நட்டும் அசையும். என் அனுபவம்.

பழைய_பித்தளை | சனி, இரவு 10.05

கோபி தம்பி, ஸ்க்ரூடிரைவரையும் அசிட்டோனையும் வீட்டை விட்டே வெளியே வையுங்கள். டீ வாங்கிக் கொடுத்தது நீங்கள் இந்த வண்டிக்குச் செய்த மிகப் பெரிய உபகாரம்.

உங்கள் பட்டனைப் பிடித்திருப்பது அந்த வீலே இல்லை. அதைப் பிடித்திருப்பது நாலைந்து அடி தள்ளி, வண்டியின் முன்பக்கம் கீழே, ஸ்டியரிங் பாக்ஸின் அடியில் இருக்கும் ஒரு நட்டு. நம்ப முடியாமல் இருக்கும். பானட்டைத் தூக்கிவிட்டு, ஸ்டியரிங் பாக்ஸின் கீழ்முனையைப் பாருங்கள். அங்கிருந்து நூல் சுற்றிய பழைய ஒயர்கள் வெளியே வரும். அந்த ஒயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்?

ஸ்டியரிங் தண்டு உள்ளே துளை உள்ளது. அந்தத் துளை வழியாக மெல்லிய குழாய் ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. ஸ்டேட்டர் டியூப் என்று பெயர். அதன் தலையில்தான் உங்கள் ஹாரன் பட்டனும் கைகாட்டி நெம்பும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. வீல் சுற்றும், தண்டு சுற்றும், இந்தக் குழாய் மட்டும் சுற்றாது. சுற்றினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும் அல்லவா? அது சுற்றாமல் இருக்கத்தான் பாக்ஸின் அடியில் ஒரு நட்டும், உள்ளே ஒரு பித்தளை மோதிரமும் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். வீட்டுச் செம்புக் குழாய் இணைப்பில் வருமே, ஆலிவ் என்பார்கள், அதே சங்கதி.

மேலே நீங்கள் நெம்பினால், கீழே இறுக்கிப் பிடித்திருக்கும் குழாயோடு மல்லுக்கட்டுகிறீர்கள். பித்தளை விடாது, பிளாஸ்டிக்தான் விடும்.

அம்பி_மார்க்2 | சனி, இரவு 10.11

இது எனக்குப் புதுச் செய்தி. என் வண்டியில் இப்படி இல்லை.

பழைய_பித்தளை | சனி, இரவு 10.32

எல்லா வண்டியிலும் இருக்காது. கைகாட்டி நெம்பு வீலின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீழே போய்த் தேடுங்கள். ஒரே குழாயாகவும் வரும். சில வண்டிகளில் பட்டனோடு ஒரு குட்டிக் குழாய், அது கீழே நீளக் குழாயின் காடியில் சொருகி நிற்கும். இரண்டாவது வகை என்றால் உங்கள் வேலை பாதி மிச்சம்.

வினைல்_வாத்தியார் | ஞாயிறு, காலை 6.50

நான் வண்டிக்காரன் இல்லை, வேதியியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். பழைய ரேடியோ பெட்டிகள் சேர்க்கிறேன். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்குகள் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நேற்று இரவு "அசிட்டோன்" என்று படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி, வீலின் விளிம்பைக் கட்டை விரலால் அரை நிமிடம் சூடு ஏறும்வரை தேய்த்து, உடனே முகர்ந்து பாருங்கள். பிறகு அதே மாதிரி அந்தக் கறுப்பு வளையத்தையும் தேய்த்து முகருங்கள். என்ன வாசனை வருகிறது என்று எழுதுங்கள். அதுவரை எதையும் தடவ வேண்டாம்.

கோபி_சாமர்செட் | ஞாயிறு, காலை 8.25

வாத்தியார் ஐயா, தேய்த்தேன். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். விளிம்பு லேசாகப் புளித்த வாசனை, ஊறுகாய் ஜாடி கழுவின மாதிரி. வளையம் ஆஸ்பத்திரி வாசனை. அப்புச்சி காலத்தில் வீட்டு வாசலில் தெளிப்பார்களே, கார்பாலிக், அது.

பித்தளை அண்ணா, கீழே பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது! நான்கு ஒயர். மேலே நூல் பின்னல், உள்ளே ரப்பர். ஒன்றைத் தொட்டேன், ரப்பர் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. நட்டின் மேல் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து ஒரு விரற்கடை தடிமனுக்கு அப்பியிருக்கிறது.

வினைல்_வாத்தியார் | ஞாயிறு, காலை 9.10

மிகச் சரியான விடை. நூற்றுக்கு நூறு.

புளித்த வாசனை என்றால் விளிம்பு செல்லுலோஸ் அசிட்டேட். அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் விடும், வினிகரும் அதுதான். கார்பாலிக் என்றால் வளையம் பேக்கலைட். 1907-ல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்தது, ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது. தேய்த்தால் அந்த ஃபீனால் கொஞ்சம் மூக்குக்கு எட்டும். கந்தக வாசனை வந்திருந்தால் எபோனைட், அதாவது இறுகிய ரப்பர், என்று சொல்லியிருப்பேன்.

இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிந்தாலும் குணம் நேர் எதிர். அசிட்டேட் சூட்டில் இளகும், அசிட்டோனில் கரையும். கரையும் என்றால் விளையாட்டில்லை, பஞ்சு மிட்டாய் நாக்கில் போகிற மாதிரி மேற்பரப்பு இளகிப் போகும். தின்னரும் அப்படியே. அம்பி சொன்ன கலவையை அந்த இடுக்கில் விட்டிருந்தால் நட்டு கழன்றிருக்கும், வீல் உங்கள் கையில் ஒட்டியிருக்கும். பேக்கலைட்டை அசிட்டோன் ஒன்றும் செய்யாது, ஒருமுறை இறுகினால் மறுபடி உருகவும் உருகாது. ஆனால் வளையத் தெரியாது. நெம்பினால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். அதை நெடுநேரம் தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது, உள்ளே மரத்தூள் கலந்திருக்கும், அது ஊறி உப்பிவிடும்.

விளிம்பு ஏன் ஸ்போக் பக்கத்தில் வெடிக்கிறது என்றால், அசிட்டேட்டை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மானம் வருடக்கணக்கில் ஆவியாகிப் போய்விடுகிறது. பிளாஸ்டிக் சுருங்குகிறது. உள்ளே இருக்கும் இரும்பு வளையம் சுருங்குமா? சுருங்காது. சின்னப் பையன் சட்டையைப் பெரியவர் போட்ட கதை. எங்கே தையல் பலவீனமோ அங்கே பிரியும்.

அம்பி_மார்க்2 | ஞாயிறு, காலை 9.18

மன்னித்துக்கொள்ளுங்கள் கோபி. இரும்புக்கு நல்லது என்று சொன்னேன், பிளாஸ்டிக்கை யோசிக்கவில்லை.

யாழ்_ஒஸ்ரின் | ஞாயிறு, காலை 11.02

அண்ணைமாருக்கு வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஏ40 என்று தலைப்பில் பார்த்ததும் விட்டுப் போக மனமில்லை. என்ரை அப்பாவின் கராச்சில் நான் ஸ்பேனர் பிடிக்கப் பழகினதே ஒஸ்ரின் சோமசெட்டில்தான். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலம் இஞ்சை எல்லாக் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடினவை. ஸ்ராட் எடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அப்படி ஓடின கார்களிலும் பட்டன் உடையாமல் இருந்தது குறைவு. உடைந்ததற்கு மாற்று எங்கே வாங்குவது? எங்கடை கராச்சில் டாஷ்போட்டில் வீட்டு அழைப்பு மணிச் சுவிச் ஒன்றைப் பூட்டிவிடுவோம். பயணி ஒருவர் ஒருநாள் அதை அமத்திவிட்டு "உள்ளே ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

தம்பி, விசயத்துக்கு வாறேன். கீழ் நட்டைக் கழற்ற முதல் மூன்று காரியம். பற்றரி வயரைக் கழற்று. உந்தக் காரில் பிளஸ்தான் பொடியில், காரின்ரை உடம்பில், பூட்டியிருக்கும், பழக்கதோசத்தில் மாறி யோசியாதே. ஒவ்வொரு வயருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கட்டி எழுது, நிறத்தை நம்பாதே, எழுபது வருசத்தில் எல்லா நிறமும் ஒரே மண்நிறம்தான். பிறகு நட்டுக்குக் கீழே ஒரு தட்டம் வை. நட்டு இளகினதும் ஸ்ரியறிங் பெட்டியின் எண்ணெய் முழுக்க அதால்தான் வடியும். நான் முதன்முதல் கழற்றேக்கை தலைக்குக் குளித்தேன்.

பழைய_பித்தளை | ஞாயிறு, பகல் 12.20

யாழ் அண்ணன் சொன்ன எண்ணெய் விஷயம் முக்கியம். எண்ணெய் வடியவில்லை என்றால் அது இன்னும் கெட்ட செய்தி: யாரோ கிரீஸ் அடைத்திருக்கிறார்கள், அல்லது உள்ளே காய்ந்து கிடக்கிறது.

இன்னொரு ஆபத்து அந்தப் பித்தளை மோதிரம். நட்டைக் கழற்றியதும் குழாய் மேலே வந்துவிடும் என்று நினைத்து மேலிருந்து இழுப்பீர்கள். வராது. எழுபது வருட இறுக்கத்தில் மோதிரம் குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும். பாக்ஸின் துளையை விட மோதிரம் பெரிது, தாழ்ப்பாள் மாதிரி தடுக்கும். நீங்கள் "ஏதோ சிக்கியிருக்கிறது" என்று இன்னும் கொஞ்சம் இழுத்தால் பட்டன் தலை மட்டும் கையோடு வரும். நிறைய பேருக்கு நடந்தது இதுதான், எனக்கும் ஒரு ஏ70-யில் நடந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மோதிரத்தை மெல்லிய முக்கோண அரத்தால் ஒரு பக்கம் மட்டும் காடி எடுத்து, காடியில் சின்ன உளி வைத்துத் திருப்பினால் விரிந்து கழன்றுவிடும். குழாயில் அரம் படக்கூடாது. மோதிரம் போனால் போகட்டும், புதிதாகச் செய்துகொள்ளலாம். குழாய் போனால் செய்ய முடியாது.

லேத்துப்பட்டறை | ஞாயிறு, மாலை 4.45

மோதிரம் நான் கடைந்து தருகிறேன், பழசை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் கிடைக்கும் மோதிரம் சில சமயம் பொருந்தும், ஆனால் அது மில்லிமீட்டர் கணக்கு, உங்கள் குழாய் அங்குலக் கணக்கு. அரை நூல் வித்தியாசத்தில் எண்ணெய் கசியும்.

மரை விஷயமும் சொல்லிவிடுகிறேன். இந்த வயசு இங்கிலீஷ் வண்டியில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., யூ.என்.எஃப். எல்லாம் கலந்து நிற்கும். லூக்காஸ் கம்பெனி மின்சாரச் சாமானில் சின்னத் திருகுகள் பி.ஏ. மரை. இப்போதைய மெட்ரிக் திருகு ஒன்றரைச் சுற்று நன்றாக ஏறி, அப்புறம் இறுகும். "ஏறுதே" என்று முறுக்கினால் பட்டன் தலையின் மரை அழிந்துவிடும். பழைய திருகை ஒவ்வொன்றாக மாத்திரைப் பட்டையில் வைத்து எழுதி வையுங்கள்.

கோபி_சாமர்செட் | புதன், இரவு 10.48

மூன்று நாள் கழித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அடுத்து யாராவது தேடி வந்தால் உதவும்.

திங்கள் முழுக்க அந்த அடி நட்டைச் சுத்தம் செய்ததிலேயே போய்விட்டது. பல் தேய்க்கும் பிரஷ், டீசல், மூங்கில் குச்சி. நட்டு தெரிந்ததும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டேன். (கீழே இரும்பு மட்டும்தான், வாத்தியார் ஐயா. பிளாஸ்டிக் நாலடி தூரத்தில்.) மறுநாள் ஸ்பேனர் போட்டதும் எதிர்பார்த்ததை விட லேசாகத் திரும்பியது. தட்டம் வைத்திருந்தேன். வடிந்தது எண்ணெய் இல்லை, பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று. நிறமும் அதே.

மோதிரம், பித்தளை அண்ணா சொன்னபடி விடவே இல்லை. நகை வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஊசி அரம் வாங்கி வந்து முக்கால் மணி நேரம் தேய்த்தேன். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, ஒரு கையில் டார்ச். கடைசியில் சின்ன ஸ்க்ரூடிரைவரைக் காடியில் வைத்துத் திருப்பியதும் "டிக்" என்று விரிந்தது. இந்த வேலையில் எதையாவது விரிக்க ஸ்க்ரூடிரைவர் வந்த ஒரே இடம் அதுதான்.

அப்புறம் மேலே வந்தேன். பட்டன் அசையவில்லை! பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்தேன். பித்தளை அண்ணாவுக்குப் போன் செய்தேன். அவர் வீலின் நடு மண்டையைச் சுற்றி, பக்கவாட்டில், விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். மூன்று இடத்தில் ஊசி குத்தின மாதிரி குழி. மூன்றுமே தலையில்லாத் திருகுகள், ஒன்றின் மேல் யாரோ எப்போதோ அடித்த கறுப்புப் பெயிண்ட். ஊக்கு நுனியால் சுரண்டி எடுத்து, கண்ணாடி ரிப்பேர் செய்யும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தினேன். முழுதாகக் கழற்றவில்லை, விழுந்தால் கிடைக்காது.

வளையத்தைச் சுற்றி அழுக்கு சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. அதற்கு அம்மாயிதான் யோசனை சொன்னார்: தென்னை ஈர்க்குச்சி. பச்சை ஈர்க்கைச் சீவி நுனியைத் தட்டையாக்கி, சோப்புத் தண்ணீரில் தொட்டு இடுக்கில் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். வளையும், உடையாது, பேக்கலைட்டில் கீறலும் விழாது. அப்புறம் மீன் பிடிக்கும் நைலான் நரம்பை வளையத்துக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இழுத்தேன். கறுப்பு மாவாக வந்தது.

பிறகு இழுக்கவில்லை. கீழே போய், குழாயின் நுனியில் ஒரு மரத்துண்டு வைத்து, கட்டை விரலால் மேல் நோக்கி அழுத்தினேன். மாமா பையன் மேலே இரண்டு உள்ளங்கையையும் பட்டனைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வருதுடா" என்றான். ஒரு அங்குலம் எழுந்தது. ஒயர்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக ஊட்டிக் கொடுக்க, மீதியும் சத்தமில்லாமல் வந்தது. முழு நீளக் குழாய், தலையில் பட்டன், வாலில் நாலு ஒயர். நாதஸ்வரத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது.

முடிக்கீறல் அப்படியே இருக்கிறது, ஒரு நூல்கூட வளரவில்லை.

யாழ்_ஒஸ்ரின் | புதன், இரவு 11.05

கீழே இருந்து தள்ளினது மிகவும் நல்ல வேலை தம்பி. நாங்கள் மேலால் இழுத்தே எத்தனையை உடைத்தோம்.

லேத்துப்பட்டறை | வியாழன், காலை 7.15

இனி வீல். அவசரப்படாதீர்கள், முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கெடுக்கிறார்கள்.

முதலில் முன் சக்கரங்களை நேராக வையுங்கள். தண்டின் முனையிலும் வீலின் மண்டையிலும் ஒரே கோட்டில் பஞ்ச் வைத்துச் சின்னப் புள்ளி. நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் வெளியே எடுக்காதீர்கள், தண்டின் முனைக்குச் சமமாக நிற்கட்டும். வீலைப் பிடித்து ஆட்டி இழுப்பவர்கள் நட்டை எடுத்துவிட்டு இழுப்பார்கள். வீல் திடீரென்று விடும்போது மூக்குக்குத்தான் வரும். எங்கள் பட்டறைக்கு மூக்கில் பிளாஸ்திரியோடு ஒருவர் வந்தார், வீல் வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே.

தண்டின் தலையில் சுத்தியால் அடிக்கவே கூடாது. அடி மொத்தமும் தண்டு வழியாக இறங்கி பாக்ஸ் பேரிங்கில் உட்காரும். புல்லர்தான் வழி, திருகை முறுக்கி வீலை இழுத்தெடுக்கும் கருவி. கடைப் புல்லரின் கொக்கியை ஸ்போக்கில் மாட்டினால் அசிட்டேட் நொறுங்கும். நான் ஆறு மில்லி தகட்டில் இரண்டு அரைநிலா வெட்டித் தருகிறேன். வீலின் மண்டைக்குப் பின்னால் இரண்டு பக்கமிருந்தும் கொடுத்து, போல்ட் போட்டு ஒன்றாக்கி, அதிலிருந்து இழுக்க வேண்டும். இழுப்பு முழுதும் இரும்பில் விழும், பிளாஸ்டிக்குக்கு வேலையே இல்லை.

உங்கள் தண்டு துளை உள்ளது, மறந்துவிடாதீர்கள். புல்லரின் நடுத் திருகு நேராக அழுத்தினால் துளையின் வாய் மடங்கும், அப்புறம் அந்தக் குழாய் திரும்ப உள்ளே போகாது. நட்டின் மேல் தடித்த வாஷர் ஒன்று வைத்து அதன் மேல் அழுத்துங்கள்.

வினைல்_வாத்தியார் | வியாழன், காலை 7.40

ஒரு சின்னச் சேர்க்கை. காலைக் குளிரில் செய்ய வேண்டாம். வண்டியைப் பத்து பதினோரு மணிவரை வெயில் படும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வெதுவெதுப்பில் அசிட்டேட் கொஞ்சம் இளக்கம் கொடுக்கும். ஹேர் டிரையர், ஹீட் கன் எதுவும் வேண்டாம். சூரியனை விடச் சீரான சூடு கிடையாது.

கோபி_சாமர்செட் | ஞாயிறு, மாலை 6.30

வீல் வந்துவிட்டது!

லேத்து அண்ணனின் அரைநிலாத் தகடு பஸ்ஸில் பார்சலாக வந்தது. புல்லரைக் கால் சுற்று திருப்பி, ஐந்து நிமிடம் சும்மா இருந்து, மறுபடி கால் சுற்று. ஆறாவது முறை துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கொட்டகையில் இருந்த கோழி எல்லாம் கத்தியது. வீல் உடைந்தது என்றே நினைத்தேன். இல்லை, பல் விட்ட சத்தம். வீல் நட்டில் போய் இடித்து நின்றது. நட்டு இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் பிளாஸ்திரிதான்.

தப்பு ஒன்று செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். பட்டன் தலையைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம் என்று திண்ணையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். கைகாட்டி நெம்பைத் தானாகத் திருப்பிவிடும் பொறிக்குள் ஒரு கடுகு அளவு உருளையும், கொசு மாதிரி ஒரு ஸ்பிரிங்கும் இருந்தன. இருந்தன. ஸ்பிரிங் வைக்கோல் போருக்குள் போய்விட்டது. ஸ்பீக்கர் காந்தத்தைக் குச்சியில் கட்டி மூன்று மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தோம்.

பழைய_பித்தளை | ஞாயிறு, மாலை 6.52

சொல்ல மறந்தது என் தப்பு. அதைப் பெரிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். ஸ்பிரிங் தாவினாலும் பைக்குள் இருக்கும்.

பட்டனின் நடுவில் சின்னம் இருக்கிறதே, அது தெளிவான பிளாஸ்டிக்கின் பின்பக்கம் வர்ணம் அடித்ததா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பின்பக்கம் எந்த ஸ்பிரேயும் போகக்கூடாது. முன்னாலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது, ஒரு வாரத்தில் வர்ணம் செதில் செதிலாக எழும்பும்.

அம்பி_மார்க்2 | ஞாயிறு, இரவு 8.15

வீல் வெடிப்புக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? நம் ஊர் முறை எம்-சீல் வைத்துத் தேய்த்து ஸ்பிரே அடிப்பது. இல்லையென்றால் தோல் உறை தைத்துப் போடுங்கள், யாருக்கும் தெரியாது.

வினைல்_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.02

உறை போடாதீர்கள். அசிட்டேட் விடும் அமிலத்தை உள்ளேயே பூட்டி வைத்த மாதிரி ஆகும். காற்றோட்டம் இருந்தால் மெதுவாகக் கெடும், மூடினால் வேகமாகக் கெடும். உள்ளிருக்கும் இரும்பும் துருப்பிடிக்கும்.

விளிம்பில் இருக்கும் சின்னக் கீறல்களுக்கு, இப்போது அசிட்டோனைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரலாம். விளிம்பின் உட்பக்கம் கண்ணில் படாத இடத்தில் பிளேடால் சுரண்டி எடுத்த தூளைக் கண்ணாடிக் குப்பியில் சில சொட்டு அசிட்டோனில் கரையுங்கள். தேன் பதத்துக்கு வந்ததும் ஊசி முனையால் கீறலில் விடுங்கள். அதே பொருள் அதோடு சேரும், ஒட்டு தெரியாது. கெடுப்பதும் அதுதான், ஒட்டுவதும் அதுதான், அளவுதான் வித்தியாசம்.

ஸ்போக் பக்கத்துப் பெரிய வெடிப்புகளுக்கு இது போதாது. அங்கே எபாக்ஸிதான்.

லேத்துப்பட்டறை | ஞாயிறு, இரவு 9.30

எபாக்ஸி என்றால் ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம். மெதுவாக, ஒரு நாள் எடுத்து இறுகும் அரால்டைட் வாங்குங்கள். வெடிப்பை V மாதிரி அரத்தால் அகலப்படுத்தி, உள்ளே இரும்பு தெரியும்வரை போய், துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும். அகலப்படுத்த மனசு வராது. மேலோட்டமாகப் பூசினால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும்.

கோபி_சாமர்செட் | ஞாயிறு, இரவு 10.20

கீறல்களை ஒட்டுகிறேன். பெரிய வெடிப்புகளில் மூன்றை எபாக்ஸியால் நிரப்புகிறேன். நான்காவது, வீலின் இடப்பக்கம் பத்து மணி இடத்தில் இருப்பது, அதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அப்புச்சி அந்த இடத்தில் மோதிர விரலை வைத்து ஓட்டுவார், மோதிரம் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. வெடிப்பை அடைத்தால் பள்ளமும் போகும். புத்தம்புதிய வீல் வேண்டும் என்றால் வெளிநாட்டில் எங்காவது தேடி வாங்கிக்கொள்ளலாமே.

பழைய_பித்தளை | திங்கள், காலை 6.15

நான் என்றால் நான்கையும் அடைத்திருப்பேன். ஓட்டும்போது கை வழுக்கினால் அந்தப் பள்ளம் உதவாது. ஆனால் வண்டி உங்களுடையது.

எண்ணூர்க் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் மறு வருடம் சென்னைக்குப் பக்கத்தில் எண்ணூரில் பூட்டி விற்றது இந்த ஏ40 வண்டிகளைத்தான். 1955-ல் லேலண்ட் வந்து சேர்ந்து, அசோக் லேலண்ட் ஆனது. இன்றைக்கு நெடுஞ்சாலையில் போகிற லாரிக் கம்பெனியின் முதல் பிள்ளை உங்கள் வண்டியின் குடும்பம். உங்களுடையது எங்கே பூட்டியது என்று பானட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டைப் பாருங்கள்.

திரும்பப் பூட்டும்போது: சக்கரங்கள் நேராக, நெம்பு பன்னிரண்டு மணியில், அப்புறம்தான் கீழ் நட்டு. மோதிரம் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கம். பலம் காட்டினால் குழாய் நசுங்கி ஒயர் போகாது.

கோபி_சாமர்செட் | சனி, மாலை 5.40

தகட்டை மாமா வீட்டில் கழற்றி வைத்திருக்கிறார்கள், தேடுகிறோம்.

புது ஒயர் நான்கும் கோர்த்தாயிற்று. வீலில் பூட்டுவதற்கு முன், பட்டன் தலையை மேசையில் வைத்தே பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். ஹாரன் அடிக்கிறது. நெம்பை வலப்பக்கம் தள்ளினால் வலது கைகாட்டி எழுந்து உள்ளே விளக்கும் எரிகிறது. இடது எழவே இல்லை.

யாழ்_ஒஸ்ரின் | சனி, மாலை 6.05

சுவிச்சில் பிழை இராது தம்பி. கைகாட்டியின் அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டுப் பார்.

கோபி_சாமர்செட் | சனி, மாலை 6.48

விட்டேன் அண்ணா. எழுந்துவிட்டது. இப்போது இறங்க மாட்டேன் என்கிறது.